அலிஃப் லாம் இல்லாத தீர்மானம்

இரு தரப்பார் ஒரே வாசகத்தை ஒப்புக்கொள்கிறார்கள். அதிலுள்ள ஒரு சொல்லுக்கு ஒருவர் ஒரு பொருள் கொள்கிறார். மற்றவர் வேறொரு பொருள் கொள்கிறார். இப்படி நேரும் என்பதை நன்கு தெரிந்தே, எழுதியவர் அச்சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதற்குச் சமாதானம் என்று பெயரா, ஏமாற்று என்று பெயரா?

உலகத் தலைவர்களின் பேச்சுகளையும் கூட்டறிக்கைகளையும் படிக்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. இராஜதந்திரிகள் இவ்வழக்கத்துக்கு 'ஆக்கபூர்வமான தெளிவின்மை' என்று அழகான பெயரும் சூட்டியிருக்கிறார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹென்றி கிஸ்ஸிங்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தொடர் அது. ஆனால் 1973-ல் அவர் அப்பதவிக்கு வருமுன்பே அதற்குப் பெரியதோர் உதாரணம் எழுதப்பட்டுவிட்டது.

1967 ஜூனில் ஆறு நாள் யுத்தம் நடந்தது. எகிப்தின் வசமிருந்த சினாயும் காஸாவும், ஜோர்டானின் வசமிருந்த மேற்குக் கரையும், பைத்துல் முகத்தஸ் அமைந்துள்ள கிழக்கு ஜெருசலமும், சிரியாவின் கோலான் குன்றுகளும் இஸ்ரேலின் கைக்குப் போயின. அவ்வாண்டு நவம்பர் 22-ம் தேதி ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 242-ம் தீர்மானத்தை 15 உறுப்பினர்களின் ஏகமனதான ஆதரவோடு நிறைவேற்றியது. பிரிட்டிஷ் பிரதிநிதி காரடன் பிரபு கொண்டுவந்த தீர்மானம் அது. யுத்தத்தினால் நிலத்தைச் சொந்தமாக்கிக் கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்று முகவுரையில் கூறிவிட்டு, அந்த யுத்தத்தில் பிடிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்றது.

எந்தப் பகுதிகள்? எல்லாமா, சிலவா? அந்த இடத்தில் ஆங்கில வாசகத்தில் 'தி' என்னும் சிறு சொல் இல்லை. பிரெஞ்சு வாசகத்திலோ அதற்கு நிகரான சொல் இருக்கிறது. மதரஸாவில் நஹ்வு ஓதிய மாணவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலிஃப் லாம் இல்லாமல் 'அராளின்' என்றால் நிலங்கள். எவை என்று தெரியாது. 'அல் அராளீ' என்றால் இன்னவை என்று அறியப்பட்ட அந்நிலங்கள். நகிராவுக்கும் மஃரிஃபாவுக்கும் உள்ள இந்த வேற்றுமைக்குள் ஒரு தேசத்து மக்களின் வீடும் வயலும் அடங்கிவிட்டன.

அரபு நாடுகள் 'எல்லாப் பகுதிகளும்' என்றே பொருள் கொண்டன. இந்தியப் பிரதிநிதி ஜி. பார்த்தசாரதியும் தம் நாடு அப்படித்தான் புரிந்துகொள்கிறது என்று சபையிலேயே அழுத்திச் சொன்னார். இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் அப்பா ஈபானோ, தீர்மானம் வேண்டுமென்றே சொல்லாமல் தவிர்த்ததை அது சொன்னதாகக் கொள்ள முடியாது என்றார்.

இதற்கு இராஜதந்திரிகள் கூறும் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். 'அச்சொல்லைச் சேர்த்திருந்தால் ஒரு தரப்பு மறுத்திருக்கும்; "சில" என்று எழுதியிருந்தால் மறு தரப்பு மறுத்திருக்கும்; தீர்மானமே பிறந்திராது' என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அத்தீர்மானத்தை அடிப்படையாகக் கொண்டுதான் 1979-ல் எகிப்தும் இஸ்ரேலும் உடன்படிக்கை செய்தன. 1982-ல் சினாய் திரும்பக் கிடைத்தது. 'மேலும், சபையில் இருந்த எல்லாருக்கும் விஷயம் தெரியும். அப்படியிருக்க ஏமாந்தவர் யார்?' என்றும் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. சபையில் இருந்தவர் எவரும் ஏமாறவில்லை. சபையில் இல்லாதவர்தாம் விலை கொடுத்தார்கள். 'அகதிகள் பிரச்சினை' என்று கூறும் அத்தீர்மானத்தில் பலஸ்தீனியர் என்ற பெயரே கிடையாது! அவர்களைக் கேட்காமல் எழுதப்பட்ட ஒரு சொல்லின் பொருளுக்காக அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு அன்று மாலையே வேலை முடிந்துவிட்டது.

நம் ஃபிக்ஹு சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 'இந்த மந்தையிலிருந்து ஓர் ஆட்டை உனக்கு விற்றேன்' என்று, எந்த ஆடென்று காட்டாமல் ஒருவர் சொன்னால் அந்த வியாபாரம் செல்லாது. இருவரும் மனமொப்பித்தானே பேசினார்கள்? ஆம். ஆனாலும், சச்சரவுக்குக் கொண்டுபோய்விடும் அறியாமை அதற்குள் இருக்கிறது. அவ்வாறே வழக்கில் சத்தியம் செய்பவர், தம் மனத்தில் வேறு பொருளை ஒளித்து வைத்துத் தப்ப முடியாது. சத்தியம் கேட்டவர் எந்தப் பொருளில் கேட்டாரோ அதுவே அவரைக் கட்டுப்படுத்தும் என்பது நபிமொழி. ஓர் ஆட்டுக்கு இவ்வளவு எச்சரிக்கை என்றால் ஒரு நாட்டுக்கு எவ்வளவு வேண்டும்!

விட்டுக்கொடுப்பதே கூடாது என்பது இதன் கருத்தன்று. ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் குறைஷிகளின் தூதர் சுஹைல், 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை எழுதக் கூடாது என்றார். அதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் தாமே அதை அழித்து, 'முஹம்மத் இப்னு அப்தில்லாஹ்' என்று எழுதச் செய்தார்கள். மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை தோழர்களைக் கலங்க வைத்தது. பத்திரம் எழுதி முடியுமுன்பே சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்கோடு வந்து நின்றார். அவருக்காக நபியவர்கள் வெளிப்படையாக விலக்குக் கேட்டார்கள், சுஹைல் மறுத்தார், கொடுத்த வாக்கு காக்கப்பட்டது. கசப்பான வாசகந்தான். ஆனால் அதன் பொருள் இரு தரப்புக்கும் ஒன்றாகவே இருந்தது. அதில் பட்டப்பெயரை விட்டுக்கொடுத்தார்கள், தெளிவை விட்டுக்கொடுக்கவில்லை.

'இந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் முடிவு ஏற்படவில்லை' என்று எழுதி வைப்பது நேர்மை. முடிவு ஏற்பட்டுவிட்டதுபோல் காட்டும் சொல்லைத் தேடிப் பிடிப்பது வேறு. ஜமாஅத் பஞ்சாயத்திலும், சொத்துப் பங்கீட்டிலும், திருமணப் பேச்சிலும் நாமும் சின்னச் சின்ன இராஜதந்திரிகளாகத்தானே நடந்துகொள்கிறோம்? 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நாம் மழுப்பி எழுதும் ஒரு வரியை, அந்த அவையில் இல்லாத ஒரு விதவையோ அனாதையோ பிற்காலத்தில் படிக்க நேரும். அவர் என்ன புரிந்துகொள்வார் என்று எண்ணிப் பார்த்துப் பேனாவை எடுப்போமாக!

நேரான சொல்லைப் பேசவும் எழுதவும் வல்ல அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.