கேட்டலும் உடனிருத்தலும்

தமிழில் கேள்வி என்னும் சொல் இருபொருள் உடையது. பிறர் சொல்வதைச் செவியேற்றலும் கேள்வி. ஐயம் எழுந்தவிடத்து வினவுதலும் கேள்வி. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்கள், செவியேற்பவன் வினவவும் உரியவன் என்பதை இயல்பாகவே கொண்டிருந்தனர் போலும். திருக்குறளில் கல்லாமை என்னும் 41ஆம் அதிகாரத்துக்கும் அறிவுடைமை என்னும் 43ஆம் அதிகாரத்துக்கும் நடுவே கேள்வி வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. கல்லாதவர்க்கும் அறிவை அடைய எஞ்சிநிற்கும் வழி செவியே என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். செவியையும் வயிற்றையும் ஒரு குறளில் இணைத்துப் பேசிய வள்ளுவர், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே உண்பித்தார். நம் காலத்து வீடுகளிலோ இரண்டும் ஒருங்கே நடைபெறுகின்றன. உலையில் அரிசி கொதிக்கின்றது. காதில் ஒரு விண்கலம் புறப்படுகின்றது.

ஒலிநூல் புதியதன்று. 1935இல் பிரித்தானியாவில், முதலாம் உலகப் போரிற் கண்ணிழந்த வீரர்களை முதன்மையாகக் கருதி, முழு நூல்களும் இசைத்தட்டில் பதியப்பெற்றன. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஒலிக்கும்; ஒரு நாவலுக்குப் பல தட்டுகள் வேண்டும். பார்வையற்றோர்க்கென எழுந்த அக்கருவி, இன்று பார்வையுடையோர் அனைவரின் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாகக் கிடக்கின்றது. கண்ணும் கையும் வேறொன்றில் ஈடுபட்டிருக்கச் செவியை மட்டும் கதைக்குக் கொடுப்பவர் பெருகிவிட்டனர். அவருள் விஞ்ஞானப் புனைகதையை விரும்புவோர் பிறரினும் நெடும்பயணிகள். பிராங்க் ஹேர்பேட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' என்னும் நாவலின் ஒலிவடிவம் 21 மணித்தியாலம் நீள்வது. இல்லறத்தான் ஒருவன் அதனை முடிப்பதற்கு ஒரு மாதம் வேண்டும்.

அந்நாவல் அராக்கிஸ் என்னும் பாலைக் கோளைப் பற்றியது. அங்கே நீரே செல்வம். இறந்தவர்க்காகக் கண்ணீர் சிந்துவது கிடைத்தற்கரிய கொடை; ஒருவர் முன் உமிழ்வது தம் உடலின் ஈரத்தை அவர்க்கு ஈவதாகலின் மரியாதை. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே நீர் விரிந்து கிடக்கும் ஊரில், வாளியால் நீரள்ளி அரிசி கழுவிக்கொண்டே இதனைக் கேட்பது விந்தையான அனுபவம். கழுவிய நீரை வாழையடியில் ஊற்றும்போது கை ஒருகணம் தயங்குகின்றது. நம் கையிலுள்ள சிறுபொருளை வேறோர் உலகின் ஒளியிற் பார்க்கச் செய்வதே அவ்விலக்கிய வகையின் சிறந்த பயன் என்பேன். இதனை வீட்டிலிருந்து தப்பியோடுதல் என்று கடிபவர்கள் அவசரப்படுகின்றனர்.

தப்பியோடுதல் குற்றமெனின், நம் முன்னோரும் குற்றவாளிகளே. வைகாசியில் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி கோயில்களில் வழக்குரை படிக்கப்படுகின்றது. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் பதிப்பித்ததன் மூலம் கற்றோர் உலகம் நன்கறிந்த அக்காவியத்தில், சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடும் பகுதி ஒன்றுண்டு. வயலிலும் வாவியிலும் உழைத்துக் களைத்தவர்கள் அவ்விரவில் மீகாமனோடு கப்பலேறினர். மதுரை எரிவதைக் கண்டனர். கதையினால் வேறிடம் செல்லுதல் மனித இயல்பு. ஆகவே வினா, எங்கே சென்றோம் என்பதன்று. செல்லும்போது யாரைக் கரையில் விட்டோம் என்பதே.

கோயில் முன்றலில் எவரும் விடப்படவில்லை என்று சொல்லத் தோன்றும். குழந்தை தாயின் மடியில் உறங்கி, இடையில் விழித்து, கதை எவ்விடம் என்று கேட்கும், அயலிலிருப்பவர் சொல்வார். ஒரு காதை தவறினால் பழுதில்லை. ஊரே அதனை அறிந்திருந்தது. இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காணலாம். அக்கதையை நிறுத்தும் ஆற்றல் கேட்போர் எவர்க்கும் இருக்கவில்லை. நிறுத்த முடியாத கதையில் குழந்தையின் அழுகை தடையாவதில்லை. அஃது அவ்விரவின் ஒலிகளுள் ஒன்று. ஒலிநூலையோ ஒரு விரலசைவால் நிறுத்தலாம். நிறுத்தலாம் என்பதனாலேயே, அழைக்கும் ஒவ்வொரு குரலும் 'நிறுத்து' என்னும் கட்டளையாகின்றது. மனைவி உப்புக் கேட்பதும், பிள்ளை கணக்குக் கேட்பதும், வாயிலில் மீன்காரர் கூவுவதும் இடையூறுகள் என்னும் ஒரே வகுப்பிற் சேர்ந்துவிடுகின்றன. நமக்காகக் காத்திருக்கும் பணிவுடைய கதை, நம்மவரை இடையூறாக்கிவிடும் விந்தையைக் கருவி செய்தோர் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஆயினும் பழையதைப் புகழ்ந்து அமைவது நேர்மையாகாது. விடிய விடிய வடமோடியும் தென்மோடியும் ஆடப்பெற்ற காலத்தில், களரியைச் சுற்றியிருந்தவர்க்கு உணவு சமைத்தவர் யார்? கோயில் வழக்குரை நாளில் வீட்டில் நோயாளியோடு தங்கியவர் யார்? பெண்களிற் பலர் கதையைத் துண்டு துண்டாகவே பெற்றனர். புத்தகம் வந்த பின்பும் நிலைமை பெரிதும் மாறவில்லை. புத்தகத்துக்குக் கை வேண்டும், அவர்களின் கை என்றும் ஒழிந்ததில்லை. என் மனைவி இறால் உரித்துக்கொண்டும் தேங்காய் திருவிக்கொண்டும் தம் வாழ்வில் முதன்முறையாக நெடுநாவல்களை முதலிலிருந்து முடிவுவரை கேட்டு வருகின்றார். அவரிடம் சென்று, நீ குடும்பத்தின் நடுவே இல்லாமற் போகின்றாய் என்று சொல்லும் அறவாணர் எவரேனும் இருப்பின், அவர் முதலில் அந்த இறாலை வாங்கி உரிக்கட்டும். தனக்கென ஓர் அறை இல்லாதவர்க்கு அச்சிறு கருவி ஓர் அறை. ஓய்வும் சாய்மனைக் கதிரையும் உடைய என்னைப் போன்றவனுக்கு அதே கருவி மற்றுமொரு கதவு மட்டுமே. ஒரே செயல், செய்பவரின் நிலைக்கேற்ப அறத்தில் வேறு எடை பெறுகின்றது.

இதனைக் கோட்பாடாக நான் முன்னரே உணர்ந்திருந்தேன் என்று பெருமை பேச முடியாது. என் தந்தையார் தம் இறுதியாண்டை எங்களோடு கழித்தார். எம் பகுதி வழக்கப்படி வீடு மனைவியின் சீதனம். ஆதலின், மகனுடைய வீட்டில் இருக்கின்றோம் என்ற எண்ணத்தினும் மருமகளின் வீட்டில் தங்கியிருக்கின்றோம் என்ற கூச்சமே அவரிடம் மிகுந்திருந்தது. எதையும் இருமுறை கேட்கமாட்டார். ஒரு மாலை விறாந்தையில் அவர் வாவியைப் பார்த்தபடி இருந்தார். நான் அருகில் அமர்ந்து, இரு காதிலும் இயர்போன் செருகி, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அராக்கிஸில் மணற்புயல் வீசிக்கொண்டிருந்தது. தற்செயலாகத் திரும்பியபோது தந்தையாரின் வாய் அசைவதைக் கண்டேன். நெடுநேரம் பேசியிருக்க வேண்டும். கையும் நீரைச் சுட்டியவாறு இருந்தது. கருவியை நிறுத்தி, "என்ன சொன்னீங்க அப்பா?" என்றேன்.

"ஒண்டுமில்ல மனே" என்றார்.

மூன்று மாதத்தின் பின் காலமானார். அவர் மறைவுக்கும் அம்மாலைக்கும் தொடர்பில்லை. அதனை இதனோடு முடிச்சிட்டு வாசகரை உருக்க விரும்பவில்லை. என்னை உறுத்துவது வேறு. ஈமக்கடன் முடிந்த ஒரு நாள் மனைவி சொன்னார்: "அண்டைக்கு மாமா முகத்துவாரம் வெட்டின கதை சொன்னாரே. அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில." அடுக்களையில், அடுப்பின் முன், தாமும் ஒரு கதை கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு அது எப்படிக் கேட்டது? அவர் எப்போதும் ஒற்றைக் காதிலேயே கருவியைச் செருகுகிறார் என்பதை அன்றுதான் கவனித்தேன். மற்றைக் காது உலைக்கும் பிள்ளைக்கும் படலைக்கும் உரியது. அதனை அவர் ஒரு கொள்கையாகக் கொண்டிலர். இரண்டையும் மூடும் உரிமை தமக்குண்டு என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அவ்வொற்றைக் காதை நான் போற்றுவதா, அதற்காக நாணுவதா என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை. போற்றினால் அவர் சுமையை அணியாக்கியவன் ஆவேன்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஒலிநூல் வாசிப்பவரின் குரல், புறவொலி புகாத அறையில், பயிற்சி பெற்ற நாவினால் பதியப்பட்டது. நம் செவியினுள்ளேயே வந்து நிற்பது. அதனோடு போட்டியிடுவது விறாந்தையில் இருக்கும் முதியவரின் தளர்ந்த குரல். இடையில் மின்விசிறி, தெருவில் முச்சக்கரவண்டி. அப்போட்டி தொடக்கத்திலேயே நியாயமற்றது. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைக் கேட்டோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். 1848இல் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற், அவ்வொலியைத் தோணியின் பலகையில் காதை வைத்துக் கேட்டதை 1859இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார். மீனவர்கள் அதனை மீனுக்கன்றி ஊரிக்கு உரிய ஒலியாகச் சொன்னதையும் குறித்துள்ளார். கல்லடிப் பாலத்தின் அருகே துடுப்பின் ஒரு முனையை நீருள் இறக்கி, மறுமுனையைச் செவியிற் பொருத்திக் கேட்பதும் உண்டு. அதற்கு முதலில் வலித்தலை நிறுத்த வேண்டும். மெல்லிய ஒலிகள் வேலையோடு வேலையாக வந்து சேர்வதில்லை.

அப்படியாயின் ஒலிநூலை வீட்டார் அனைவரும் கேட்கும்படி உரக்க வைத்தால் என்ன என்று மாணவர் ஒருவர் வினவினார். நல்ல வினா. ஆனால் நான் கேட்டது ஆங்கிலத்தில். தந்தையாருக்கு அது வெறும் இரைச்சல். 1956இல் இத்தீவுக்குக் குடிவந்து 2008இல் கொழும்பிலேயே மறைந்த ஆதர் சி. கிளார்க், திருக்கோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர். 1979இல் வெளியான தம் நாவலில் இந்நாட்டையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி, அங்கிருந்து விண்ணுக்கு ஏணி அமைத்தவர். அத்தகைய கதையைத் தமிழில் ஒருவர் விறாந்தையில் வாசித்திருந்தால், தந்தையார் இடைமறித்து இரண்டு வினாக்களேனும் கேட்டிருப்பார். கடலைப் பற்றிய எதிலும் அவருக்குத் திருத்தம் சொல்ல இருக்கும்.

கைத்தொலைபேசியில் 'டியூன்' பதினான்காம் மணித்தியாலத்தில், நிமிடமும் நொடியும் பிசகாமல், நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றது. முகத்துவாரக் கதையை மனைவி தாம் கேட்ட அளவுக்கு மகளுக்குச் சொல்லியிருக்கின்றார்: வெள்ளம் வயலை மூடியது, மண்வெட்டியோடு ஆண்கள் மணற்றிட்டுக்குப் போயினர், சிறுவனான தந்தையாரும் ஒளிந்து பின்சென்றார். பிறகு குக்கர் விசில் அடித்துவிட்டது. பிறகென்ன நடந்தது என்று மகள் என்னைக் கேட்கின்றாள். பெரியப்பா ஒருவர் படுவான்கரையில் இருக்கின்றார். அவரும் அன்று அங்கே இருந்திருக்கலாம். அவருக்குக் காது மந்தம். அருகில் அமர்ந்து உரக்கக் கேட்க வேண்டும்.