விரல் நீளக் கல்

மனிதன் எடுத்துக்கொள்ளத் தக்கது எது, தகாதது எது என்னும் வினாவை நூல்களிற் பன்முறை கண்டிருக்கிறேன். அது என்னை உண்மையிலேயே திணற வைத்தது, கோப்பெங்கை அடுத்த தெம்புரோங் குகையின் வாயிலில்தான்.

கிந்தாப் பள்ளத்தாக்கின் கல்லையும் மண்ணையும் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். கிழக்கே தித்திவாங்சா, மேற்கே கிளேடாங். இரண்டும் கருங்கல் மலைகள். இடையில் நிற்பவை பழங்கடலின் அடியிற் படிந்த சுண்ணாம்புக்கற் குன்றுகள். பாறைக்குழம்பு கருங்கல்லாக இறுகியபோது உண்டான ஈயத்தாதினை மழையும் ஆறும் அரித்துக் கொணர்ந்து வண்டலிற் சேர்த்தன. தாது நீரினும் ஏறத்தாழ ஏழு மடங்கு கனமானது. மணல் மூன்று மடங்கும் இல்லை. டூலாங் என்னும் மரத்தட்டைச் சுழற்றிய பெண்களுக்கு மணல் ஓடிவிடத் தாது தங்கியது அதனாலேதான். 1985இல் ஈயத்தின் விலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, குட்டைகள் எஞ்சின. பேராசையின் வடுக்கள் இவை என்று பேருந்தில் வரும்போதே சற்று நீளமாகப் பேசியிருந்தேன்.

குகையினின்று வெளிவந்தபோது ஒரு மாணவனின் சட்டைப்பையில் சுண்ணக்கல் விழுதின் துண்டொன்று இருக்கக் கண்டேன். விரல் நீளம், சொட்டுச் சொட்டாக அது வளர நூற்றாண்டுகள் சென்றிருக்கும். கடிந்துகொண்டேன். அவன் அமைதியாகக் கேட்டான்: “மலையையே வெடிவைத்து உடைக்கிறார்களே ஐயா, நான் எடுத்தது இவ்வளவுதானே?”

“அவர்களிடம் உரிமம் இருக்கிறது” என்றேன். சொன்ன கணமே அது விடையன்று என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உரிமமே நியாயம் என்றால், அவன் செய்த பிழை ஒரு தாள் இல்லாத பிழை மட்டுமே.

தேவை என்று சொல்லியிருக்கலாம். சிமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். எம் பள்ளிச் சுவரும் ஏதோவொரு குன்றின் பகுதியே. அதை மறுத்துவிட்டு அச்சுவருக்குள் நின்று அறம் போதிப்பது எனக்கு இயலாது. ஆயினும் தேவைக்கும் எல்லை வேண்டாவா? ஈயக்குட்டையில் மீன் வளர்கிறது, தாமரை பூக்கிறது. உடைத்த குன்று திரும்புவதில்லை. பகாங்கில் புக்கிட் பாஞ்சிங் என்னும் குன்றில் மட்டுமே வாழ்ந்த சிறு நத்தையினம், அக்குன்று கல்லுடைப்பிற் கரைந்தபோது உலகினின்றே மறைந்தது. எடுக்கும் பொருளை வேறெங்கேனும் பெறமுடியுமா, அதனைச் சார்ந்து வாழ்வன எவை என்று கேட்பதே உரிமத்தினும் நேர்மையான அளவுகோல் என்று இன்று எண்ணுகிறேன். அவ்வளவுகோலின்படி மாணவனின் குற்றம் மிகச் சிறிது. ஆனால் அவனுக்கு அக்கல்லால் ஆகவேண்டியது எதுவுமே இல்லையே என்றும் நினைத்தேன்.

திரும்பும் வழியில் அவன் அருகில் அமர்ந்து, எதற்காக எடுத்தாய் என்று கேட்டேன்.

“உங்கள் அறைக் கண்ணாடிப் பெட்டியில் இந்தக் கல் மட்டும் இல்லை, ஐயா.”

அப்பெட்டியில் பன்னிரண்டு கற்கள் உள்ளன. அவற்றுள் மூன்றை எவரையும் கேளாமல் எடுத்து வந்தவன் நான்.