ஈடனுக்குப் போகும் வழியில்

கொல்கத்தா எஸ்பிளனேடில் இறங்கி ஈடன் கார்டன்ஸுக்கு நடக்கிறவர்கள் பெரும்பாலும் நேரே போய்விடுகிறார்கள். வயிற்றைப் பற்றிய நினைவு மைதானத்து வாசலில்தான் வருகிறது. அதற்குள் சற்றுத் திரும்பி, ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் டெக்கர்ஸ் லேனுக்குள் நுழைந்திருக்கலாம். மாநகராட்சி அதற்கு ஜேம்ஸ் ஹிக்கி சரணி என்று பெயர் மாற்றி வெகுகாலமாகிறது. 1780இல் இந்தியாவின் முதல் செய்தித்தாளை நடத்தி, வாரன் ஹேஸ்டிங்ஸைச் சீண்டி, சிறைக்குப் போனவர் ஹிக்கி. ஆனால் வழி கேட்டால் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. பத்திரிகைக்காரருக்கு ஒரு சந்து கிடைத்தது, அதுவும் சாப்பாட்டுச் சந்தாகிவிட்டது. அவருக்கு இதில் வருத்தம் இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

சந்தின் பெருமை சிக்கன் ஸ்டூவும் டோஸ்டும். சித்தோ பாபு கடை என்றால் ஊருக்கே தெரியும். மிளகு தூவிய தெளிந்த குழம்பு, அதில் பெரிய துண்டாகக் காய்கள், ஒரு துண்டு கோழி, கூடவே வாட்டி வெண்ணெய் தடவிய ரொட்டி. காரத்துக்குப் பழகிய தமிழ் நாக்குக்கு முதல் வாய் காய்ச்சல்காரருக்கு வைத்த கஞ்சிபோல இருக்கும். ரொட்டியை நனைத்து மூன்றாவது வாய் போனபின் அந்த அபிப்பிராயம் மாறும். வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையிலிருந்து இறங்கி வந்த பண்டம் இது. மேசை, துணி, கரண்டி வரிசை எல்லாவற்றையும் வழியிலேயே உதறிவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதே ஸ்டூ கால்பந்துக்காரர்களின் சாப்பாடாகவும் இருந்திருக்கிறது. மைதான் என்ற பெரும் புல்வெளி ராணுவத்தின் பொறுப்பில் இருப்பது; கிளப்புகள் நினைத்தபடி அங்கே கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் முகம்மதன் ஸ்போர்ட்டிங்குக்கும் இன்றுவரை முகவரி ‘கூடாரம்’தான். பயிற்சி முடித்து வரும் ஆட்டக்காரர் கூடாரத்துக் கேன்டீனில் ஸ்டூவும் டோஸ்டும் சாப்பிடுவது பல தலைமுறை வழக்கம். ஆடுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே பண்டத்தைச் சாப்பிட்ட ஊர் என்று கொல்கத்தாவைச் சொல்லலாம்.

•

டெக்கர்ஸ் லேன் ஆட்டத்துக்காகச் சமைப்பதில்லை. கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். பெஞ்சில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் குமாஸ்தாக்கள், வக்கீல் வீட்டு எழுத்தர்கள், வங்கிக்காரர்கள், கையில் பையோடு விற்பனைப் பிரதிநிதிகள். உயர் நீதிமன்றமும் பிபிடி பாக் அலுவலகங்களும் நடக்கும் தூரத்தில். நாளைக்கும் இதே ஆள் வருவார், நாளை மறுநாளும் வருவார். அவரை ஏமாற்றினால் கடைக்காரருக்குப் பிழைப்பில்லை. விலை ஏறாமலும் குழம்பு நீர்க்காமலும் இருப்பதற்குக் கடைக்காரரின் நல்ல மனசைவிட அந்த தினசரி வருகைதான் காரணம். ஆட்டம் பார்க்க வருகிறவர் அந்தக் குமாஸ்தாவின் நிழலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

சென்னையில் சேப்பாக்கத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் உண்டு. மைதானத்தை ஒட்டித் திருவல்லிக்கேணி. மேன்ஷன்களில் தங்கி வேலை தேடியவர்களையும் வேலை பார்த்தவர்களையும் நம்பி வளர்ந்த மெஸ்கள். 1948இலிருந்து சாம்பாரில் இட்லியை மூழ்கடித்துக்கொண்டிருக்கும் ரத்னா கஃபே. அங்கேயும் கிரிக்கெட் பார்க்க வந்தவர் விருந்தாளி மட்டுமே. மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர்தான் வீட்டுக்காரர்.

•

குளிர்கால டெஸ்ட் ஆட்டத்துக்கு ஈடனுக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் கடையைத் தேடவே இல்லை. வீட்டிலிருந்து லுச்சி, ஆலூர் தம், அவித்த முட்டை, புது வெல்லத்துச் சந்தேஷ், ஒரு பை நிறைய ஆரஞ்சு. டிசம்பர் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஆரஞ்சுத் தோலை உரிப்பது ஆட்டத்தில் பாதி என்று வயதானவர்கள் சொல்வார்கள். ஐந்து நாள் ஆட்டத்துக்கு அந்தச் சாப்பாடு பொருந்தியது.

இப்போது வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். வீட்டுச் சாப்பாடும் தண்ணீர்ப் பாட்டிலும் உள்ளே போகாது. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கே பாட்டில்கள் பறந்து, ஆட்டம் நின்று, இலங்கைக்கு வெற்றி கொடுக்கப்பட்டதை நினைத்தால் காவலரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் ஆரஞ்சு என்ன பாவம் செய்தது? சாப்பிடுவதை வெளியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டபின், வெளியே எங்கே நன்றாகவும் மலிவாகவும் கிடைக்கும் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

•

ஐபிஎல் ஆட்டம் மாலை ஏழரைக்கு. வங்காளிக்கு மாலைப் பசி நாலரைக்கே வந்துவிடும். அது கடிகாரம் தப்பாத பசி. அந்த நேரத்துக்கு ஜால்முரி போதும். ஜால்முரிக்காரர் டப்பாவில் பொரியைக் கொட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், அவித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் மிக்சர், கடுகெண்ணெய் விட்டுக் குலுக்குகிறார். “தாதா, காரம் தூக்கலா, கம்மியா?” என்று கேட்பார். பதிலைச் சொல்லிவிட்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது; அந்தக் குலுக்கலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பழைய தாளில் சுருட்டிய கூம்பு, மேலே செருகிய ஒரு கீற்றுத் தேங்காய். கடுகெண்ணெய் மூக்கில் ஏறும்போது அலுவலகம் மறந்துபோகிறது.

நதிப் பக்கமாக, பாபுகாட்டை நோக்கிப் போனால் வேறொரு பசி. வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் இடம். பீகாரிலிருந்து வந்து சுமை தூக்குகிறவர்களும் வண்டி இழுக்கிறவர்களும் வறுத்த கடலை மாவான சத்துவை வெங்காயம், மிளகாய், உப்போடு பிசைந்து உண்பதை இந்த நகரத்தில் எங்கும் பார்க்கலாம். இதைவிட மலிவாக வயிறு நிறைய வழியில்லை. ஆட்டத்துக்கு வருகிறவர்கள் அதன் பக்கம் போவதில்லை. மலிவு என்று நாம் சொல்வதற்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது போலும்.

•

சால்ட் லேக் கால்பந்து மைதானத்தின் கதை வேறு. 1984இல், திட்டமிட்டுக் கட்டிய புறநகரின் ஓரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்தது. அதைச் சுற்றி டெக்கர்ஸ் லேன் இல்லை, இருக்கவும் முடியாது. பெரிய ஆட்டங்களின்போது தள்ளுவண்டிகள் வருகின்றன. முட்டை ரோல், பட்டாணிக் குக்னி, சௌமின். மறுநாள் காலை அந்த இடத்தில் யாரும் இல்லை. நாளை திரும்பி வராத வாடிக்கையாளருக்குச் சமைக்கும்போது கை சற்றுத் தளர்வது இயல்புதான்.

பசி மட்டும் அங்கே குறைவில்லை. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ஆட்டத்துக்கு முன் எதிரணியின் ஒமொலோவை ‘ஆம்லெட்’ என்றும் சோசோவை ‘சொஷா’, அதாவது வெள்ளரிக்காய், என்றும் கிண்டலடித்தார். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. வசைபாடக்கூடச் சமையலறைக்குள் போகும் ஊர் இது. வென்றது ஈஸ்ட் பெங்கால் என்றால் வீட்டில் இலிஷ் மீன், மோகன் பகான் என்றால் இறால். ஆட்டம் முடிந்த மாலையில் மீன் சந்தையில் எது விலை ஏறுகிறது என்பதை வைத்தே முடிவைச் சொல்லிவிடலாம் என்பார்கள்.

•

ஒரு சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இல்லை. டெக்கர்ஸ் லேனில் பெரும்பாலான அடுப்புகள் அணைந்திருக்கும். பெரிய ஆட்டங்களோ ஞாயிறைத்தான் தேடி வருகின்றன. குமாஸ்தா இல்லாத நாளில் அவர் நிழலும் இல்லை. அன்றைக்கு எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும், நியூ மார்க்கெட்டை நோக்கி. சந்தைக்கு விடுமுறைப் பசி உண்டு. 1932இல் தொடங்கிய நிஜாம்ஸ் அங்கேதான் இருக்கிறது. பராட்டாவில் கபாபைச் சுருட்டிக் கையில் கொடுக்கும் பழக்கம் அங்கே பிறந்தது என்பது நகரத்தின் நம்பிக்கை. ஸ்டூவுக்கு உட்கார இடம் வேண்டும், ரோலுக்கு வேண்டாம். நடந்துகொண்டே தின்றால் மைதானை அடைவதற்குள் முடிந்துவிடும். வாசலில் காட்ட வேண்டியது டிக்கெட் மட்டும்.