தெளிந்த நீரும் தெரியாத பசியும்

கோலாலம்பூரில் உள்ள பேரங்காடி ஒன்றில், ஒரு தந்தையும் அவருடைய பத்து வயது மகளும் நீர்த்தொட்டியின் விளிம்பில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். கால்களைக் கழுவிக்கொண்டு நீருள் இட்டதும், சுண்டுவிரல் அளவே உள்ள மீன்கள் கூட்டமாக ஓடிவந்து பாதங்களை மொய்க்கின்றன. முதலில் கூச்சம், பிறகு சிரிப்பு, சிறிது நேரத்தில் ஒருவகை இதம். பக்கத்தில் நின்று பார்ப்பவர்க்கும் அஃது இனிய காட்சியே. அந்த வேளையில் சிறுமி கேட்கிறாள்: “அப்பா, இந்த மீன்களுக்கு ஏன் இவ்வளவு பசி?”

தந்தையிடம் விடை இல்லை. கட்டணம் செலுத்தியபோது அவர் எண்ணியது தம் கால்களைப் பற்றி, மீன்களைப் பற்றியன்று. இதற்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலோர் அவ்வாறே அமர்ந்து, சிரித்து, கால்களைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவோம். ஆயினும் குழந்தை கேட்ட கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இம்மீனின் பெயர் கர்ரா ரூஃபா. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் பாயும் மேற்கு ஆசிய நிலப்பகுதி அதன் தாயகம். துருக்கி நாட்டின் சீவாஸ் மாநிலத்தில் காங்கல் என்னும் ஊர்ப்புறத்தே வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அந்நீரின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை. அத்தகைய நீரில் மீனுக்கு வேண்டிய பாசியும் நுண்ணுயிரும் மிகக் குறைவு. ஆகவே, அங்கு நீராட வருவோரின் உடலில் நெகிழ்ந்து நிற்கும் தோற்செதில்களை மீன்கள் கொத்தி உண்ணப் பழகின. சோரியாசிஸ் எனப்படும் செதிலுதிர் நோயால் வருந்துவோர் நெடுங்காலமாக அவ்வூற்றை நாடி வருகின்றனர். இதனை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடவும் இயலாது. ஆஸ்திரியாவில் 67 நோயாளிகளிடம் இம்மீன்களைக் கொண்டு செய்த சிகிச்சையின் பயனை ஆராய்ந்த மருத்துவர்கள், நோய் கணிசமாகத் தணிந்தது என்று 2006ஆம் ஆண்டில் எழுதினர். அந்நோயாளிகளுக்குப் புற ஊதாக்கதிர்ச் சிகிச்சையும் உடன் அளிக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

எனவே, மீனின் பசியும் மனிதனின் நோயும் இயல்பாகச் சந்தித்த இடம் காங்கல். அங்கே பசியை யாரும் உண்டாக்கவில்லை. பேரங்காடித் தொட்டியின் கதை வேறு. தாடையில் பல்லில்லாத அந்தச் சிறு மீன் மனிதத் தோலை விரும்பித் தேடுவதன்று. வேறு இரை கிடைக்குமானால் அதனையே உண்ணும். வயிறு நிறைந்துவிட்டால் பாதத்தை நாடாது. வருகின்ற ஒவ்வொருவர் காலையும் அது மொய்க்க வேண்டுமானால், அதனைப் பசியோடு வைத்திருக்க வேண்டும். இங்குப் பசி என்பது தொழிலின் கருவி. தொட்டிக்கும் விளக்குக்கும் பணம் செலவாகிறது. இக்கருவிக்கோ செலவில்லை, தீனியில் மிச்சமும் உண்டு!

இப்பசி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. மாட்டின் விலா எலும்பு தெரிந்தால் தெருவில் போகிறவர் கூட மாட்டுக்காரரைக் கேட்பார். மீனின் விலாவைப் பார்த்து இரங்குவார் யார்? அதற்குக் குரலும் இல்லை. அதன் பசி நமக்கு அன்பைப் போலவும் விளையாட்டைப் போலவும் தோற்றமளிக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத மற்றொன்றும் அந்நீரில் உண்டு. தந்தையும் மகளும் அமர்வதற்கு முன் அத்தொட்டியில் எத்தனை பேர் கால் வைத்தனர், அவர்களுள் யார் காலில் புண் இருந்தது, யார் காலில் படை இருந்தது என்பதை நீர் சொல்லாது. முடிதிருத்துவோர் தம் கத்தியைக் கொதிநீரில் இடலாம், மருந்தில் தோய்க்கலாம். மீனை என்ன செய்வது? உயிருள்ள மீனைக் கிருமிநாசினியில் கழுவ முடியாது. அது நீந்திக்கொண்டிருக்கையில் தொட்டியையும் முற்றாகத் தூய்மை செய்ய இயலாது. அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தொழிலைத் தடை செய்தமைக்கு இது தலையாய காரணம். 2011ஆம் ஆண்டில் இந்தோனேசியாவிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 6,000 மீன்களிடையே நோய் பரவிற்று. அதன்பின் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இத்தகைய மீன்களைச் சோதித்த ஆய்வாளர்கள், மனிதரைத் தாக்கவல்ல கிருமிகள் பலவற்றை அவற்றில் கண்டனர். பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளும் அவற்றுள் இருந்தன.

இதைக் கேட்டு, கால் வைத்தவரெல்லாம் நோயுறுவர் என்று அஞ்ச வேண்டா. நோய்த்தொற்று நேரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை என்பதே பிரிட்டனின் நலத்துறை அதே ஆண்டில் வெளியிட்ட கருத்து. நீரிழிவு உடையோரும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோரும் இதனைத் தவிர்க்க வேண்டும் என்றும் அத்துறை கூறிற்று. மலேசியாவில் இவ்வெச்சரிக்கை சிறிய செய்தியன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. நம் மக்கள் ‘இனிப்புநீர்’ என்று வழங்கும் அந்நோய் முற்றியவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றும்; சிறு கீறலும் தெரியாது; தெரியும்போது புண் ஆழ்ந்திருக்கும். தொட்டியருகே அறிவிப்புப் பலகை இருக்கலாம். அதனைப் படிப்பவர் எத்தனை பேர்?

“நேற்று மீன் குழம்பு உண்டவன், இன்று மீனின் பசிக்கு இரங்குவதா?” என்று ஒருவர் நகைக்கக்கூடும். இது வலுவான கேள்விதான். ஆனால் உணவுக்காக ஓர் உயிரைக் கொல்வதைச் சரியென்று கொள்பவரும், அதனை வேடிக்கைக்காக வதைப்பதைச் சரியென்று கொள்வதில்லை. ஆட்டிறைச்சி உண்பவர், ஆட்டைப் பட்டினி போட்டு அது தாவிக் குதிப்பதைக் கண்டு சிரிப்பாரா? பெரிய தவறு ஒன்றைச் செய்வதால் சிறிய தவறுகளுக்கெல்லாம் உரிமை வந்துவிடாது.

வேறொருவர் சற்று நூலறிவோடு விலக முயலலாம். வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார்; எல்லா உயிர்மேலும் செல்லும் அருள் துறவிக்கே உரியது; பிள்ளைகுட்டிக்காரர்க்கு அன்பு போதும் என்பார் அவர். அவ்வாறே வைத்துக்கொள்வோம். மகள்மேல் அன்புடைய தந்தை, அவள் காலை எந்த நீரில் வைக்கிறோம் என்று கேட்கத்தானே வேண்டும்? அவ்வாறு கேட்கத் தொடங்கினாலே மீனின் நிலையும் உடன் தெரிந்துவிடும். ஒரே நீரில் இருக்கும் இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது அரிது. வகுப்பறையில் அருளுடைமை அதிகாரத்தை விளக்கும் ஆசிரியர், துறவியை மட்டும் காட்டாமல் இத்தந்தையையும் காட்டலாம்.

மீன் காலைத் தீண்டுவதே தவறு என்பது இவற்றின் பொருளன்று. சபா மாநிலத்தில் ரானாவ் வட்டாரத்தில் லுவாந்தி என்னும் கம்பம் இருக்கிறது. அதன் அருகே மொரோலி ஆறு ஓடுகிறது. டூசுன் மக்கள் ‘தாகல்’ என்னும் முறையால் அவ்வாற்று மீனைக் காத்து வருகின்றனர். தாகல் என்றால் தடை. அதாவது, ஊரார் கூடி விதித்த இடங்களில் மீன் பிடித்தல் கூடாது. அம்மக்கள் பெலியான் என்று அழைக்கும் கெளா மீன்கள் அங்கே பெருகியுள்ளன. ஆற்றில் இறங்குவோர் காலை அவையும் வந்து கொத்துகின்றன. வருவோர் தீனியும் வாங்கிப் போடுகின்றனர். ஆகவே, அவையும் மனிதருக்குச் சற்றுப் பழகிப்போனவையே, அதை மறைப்பானேன்? எனினும் வேண்டாதபோது அவை விலகிப்போக ஆறு இருக்கிறது. நீரும் நிற்பதில்லை.

பேரங்காடியில் அச்சிறுமி இன்னும் தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளலாம், தொட்டியைக் காக்கும் இளைஞரை அழைத்து, “தம்பி, இந்த மீன்களுக்குக் கடைசியாக எப்போது தீனி போட்டீர்கள்? இந்த நீரை எப்போது மாற்றினீர்கள்?” என்று மகள் காதில் விழும்படியே கேட்கலாம். விடை வரும்வரை கால்களை வெளியே எடுத்து வைத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. கட்டணம் செலுத்திய சில நிமிடங்கள் கழிந்துபோகும், அவ்வளவுதான்.