ரோட்பிளாட்டின் விலகல்
போலந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட், ஹிட்லரின் ஜெர்மனி முந்திக்கொள்ளும் என்ற அச்சத்தாலேயே மன்ஹாட்டன் திட்டத்தில், அதாவது அமெரிக்கா இரகசியமாக நடத்திய அணுகுண்டுத் தயாரிப்பில், சேர்ந்தார். ஜெர்மனி தன் அணுகுண்டு முயற்சியைக் கைவிட்டதை 1944 இறுதியில் அறிந்ததும் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியேறினார். சக அறிவியலாளர் பலரை அங்கேயே பிடித்து நிறுத்தியது, கணக்கு பலிக்கிறதா என்று பார்த்துவிடும் ஆவலே என்று அவர் பின்னாளில் எழுதினார். அறிவுப்பசி எப்போதும் குற்றமற்றதன்று போலும். செயலை அதன் பயனைக் கொண்டே அளக்கும் பயன்வழி அறக்கோட்பாட்டினர், அவர் விலகியதால் குண்டு நின்றுவிடவில்லையே எனலாம். ஆனால் அவ்வாதம், ஒரு பணியை ஏற்ற காரணம் மறைந்த பின்னும் அதில் நீடிப்பவர் எதற்காக நீடிக்கிறார் என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. அறிவியலைத் துறக்காமல் துறையை மட்டும் மாற்றிக்கொண்ட ரோட்பிளாட், லண்டனில் மருத்துவ இயற்பியலின் பக்கம் திரும்பி, கதிர்வீச்சு உயிர்களுக்கு இழைக்கும் தீங்கை ஆராய்ந்தார்.