மறைக்கும் உரிமை யாருக்கு?

தேவாலயத்தில் திருமண ஓலை வாசிக்கும்போது, இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று பெற்றோர் பெயரைச் சொல்லித்தான் மணமக்களைச் சபைக்கு அறிவிப்பார்கள். தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவருக்கு வளர்த்தவர்களின் பெயரே வாசிக்கப்படும். அதில் தவறொன்றும் இல்லை. சட்டப்படி அவர்கள்தான் பெற்றோர். சிக்கல் அதற்குச் சில மாதம் முன்பே தொடங்கியிருக்கும். சம்பந்தம் பேச வந்தவர்கள் பூர்வீகம் எது, யார் வகையறா என்று விசாரித்திருப்பார்கள். "அது எடுத்து வளர்த்த பிள்ளையாச்சே" என்று உறவுக்காரர் ஒருவர் அவர்கள் காதில் போட்டிருப்பார். கால் நூற்றாண்டாக வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த சேதி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அது யாரைப் பற்றியதோ, அவர் காதுக்குத்தான் கடைசியாக வரும்.

மறைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. 'நம் பிள்ளை என்று ஆன பிறகு பழங்கதை எதற்கு' என்ற நினைப்பில் மறைத்தவர்களே அதிகம். கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த நினைப்புக்கு ஒரு வேத நியாயமும் துணைக்கு வரும். தேவன் நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டபோது நம் பழைய வழியை விசாரிக்கவில்லை. கிறிஸ்துவுக்குள் வந்தவன் புதிய படைப்பு என்று பவுலே சொல்லியிருக்கிறார். அப்படியிருக்க, பிறந்த வம்சத்தைக் கிளறுவது விசுவாசக் குறைவு என்பார்கள். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் புத்திர சுவிகாரத்தைப் பற்றிப் பேசுகிறார். அவற்றைக் கேட்டவர்கள் ரோமப் பேரரசின் குடிகள். அவர்கள் அறிந்த தத்து, இன்று நாம் நினைக்கும் தொட்டில் குழந்தையின் தத்து இல்லை. வாரிசு இல்லாத பெரிய குடும்பம் பெரும்பாலும் வளர்ந்த ஆண்மகனைத்தான் சுவிகாரம் எடுத்தது. வந்தவனுக்குப் பெயரும் சொத்தும் குலதெய்வ வழிபாட்டுக் கடமையும் முழுமையாகக் கிடைத்தன. ஆனால் அவன் எங்கிருந்து வந்தான் என்பதை யாரும் ஒளிக்கவில்லை. கார்த்தேஜை அழித்த சிப்பியோ எமிலியானுஸ், சிப்பியோ குடும்பத்துக்குத் தத்துப்போன எமிலியுஸ் பவுலுஸின் மகன். அவன் பெயரின் முற்பாதி வளர்த்த வீடு, பிற்பாதி பிறந்த வீடு. ஜூலியஸ் சீசரின் உயிலால் மகனான ஆக்டேவியனை, பின்னாளின் அகஸ்டஸ் சீசரை, பெற்ற தகப்பன் யார் என்பதும் ஊரறிந்த விஷயம்தான். புதிய வீட்டில் அவன் உரிமையை அது அசைக்கவில்லை.

ஆக, பவுல் கையாண்ட உவமையின் பலம் உரிமையில் இருக்கிறது. வந்தவன் வேலைக்காரன் இல்லை, பங்காளி. அவனை யாரும் இறக்கிவிட முடியாது. பிறப்பை அழித்தெழுதும் வேலையை அந்த உவமை செய்யவே இல்லை. பவுலும் தன்னைப் பென்யமீன் கோத்திரத்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டவர்தான்.

மத்தேயுவின் முதல் அதிகாரம் இதைவிட வெளிப்படை. ஆபிரகாம் தொடங்கித் தாவீது வழியாக வரும் அந்த நீண்ட வம்ச அட்டவணையைப் பலரும் வேகமாகப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். போவது நஷ்டம். அது முடிவது யோசேப்பிடம். இயேசுவோ யோசேப்பின் ரத்தம் இல்லை என்பதுதான் அதே அதிகாரம் அடுத்து சொல்லும் செய்தி. அப்படியானால் தாவீதின் குமாரன் என்ற பட்டம் எப்படி வந்தது? யோசேப்பு மரியாளைச் சேர்த்துக்கொண்டான், பிள்ளைக்குப் பெயரிட்டான். பெயரிட்டவன் தகப்பன், தகப்பனின் வம்சம் பிள்ளையின் வம்சம். கிறிஸ்தவ விசுவாசத்தின் மையத்தில் நிற்கும் வம்சாவளியே ஏற்பினால் வந்தது. தத்துப்பிள்ளையை 'ரத்தம் வேறு' என்று ஒதுக்கும் கிறிஸ்தவர் தம் வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டை முதல் பக்கத்திலேயே மூடிவிடுகிறார்.

அதே அட்டவணை இன்னொன்றும் செய்கிறது. ஆண்களின் பெயராக அடுக்கிக்கொண்டு வரும் மத்தேயு, நடுவே தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியாயிருந்தவளையும் நிறுத்துகிறார். மாமனாரால் கருத்தரித்தவள், எரிகோவின் வேசி, மோவாபிய அந்நியப் பெண், ராஜா அபகரித்த அடுத்தவன் மனைவி. நம் குடும்பங்கள் வம்ச வரலாறு அச்சிடும்போது முதலில் வெட்டும் பெயர்கள் இவைதான். மத்தேயு வெட்டவில்லை. பெயரிட்டு ஏற்பதும் பிறந்த வழியை ஒளிக்காமல் சொல்வதும் ஒரே அதிகாரத்தில் அருகருகே இருக்கின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவதற்கு அங்கே அனுமதி இல்லை.

மறைப்பதை ஒரு நாடே விசுவாசத்தின் பேரில் செய்துபார்த்த கதையும் உண்டு. அயர்லாந்தில் மணமாகாமல் கருவுற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்ட தாய்சேய் இல்லங்களில் பலவற்றைக் கத்தோலிக்கக் கன்னியர் மடங்கள் நடத்தின. 2021 ஜனவரியில் வெளியான விசாரணை ஆணையத்தின் அறிக்கை ஆராய்ந்தது 18 நிறுவனங்களை. அவற்றின் வழியாகச் சுமார் 56,000 பெண்களும் 57,000 குழந்தைகளும் கடந்திருந்தார்கள். ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்குத் தத்துப் போனார்கள். எடுப்பவர்கள் நல்ல கத்தோலிக்கர்களா என்று துருவித் துருவிப் பார்த்த நிர்வாகம், அந்தப் பிள்ளை நாளை தன் தாயைத் தேடினால் என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவில்லை.

ராஸ்கிரே ஊரின் ஷான் ராஸ் மடத்தில் 1952-ல் ஒரு மகனைப் பெற்ற பிலோமினா லீயின் கதை புத்தகமாகவும் 2013-ல் திரைப்படமாகவும் வந்தது. மூன்று வயதில் பையனை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அவர் மைக்கேல் ஹெஸ் என்ற பெயரில் வளர்ந்து, குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவில் சட்ட ஆலோசகரானார். தாய் மடத்தில் வந்து மகனைப் பற்றிக் கேட்டார். மகனும் அதே மடத்துக்கு வந்து தாயைப் பற்றிக் கேட்டார். இருவருக்கும் விடை கிடைக்கவில்லை. 1995-ல் மகன் இறந்தபோது, தம் விருப்பப்படியே அந்த மடத்து மண்ணில் புதைக்கப்பட்டார். தாய் என்றாவது தேடி வந்தால் கண்டுபிடிக்கட்டும் என்று. பதில் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்ற கேள்வியை எந்த வேத வசனமும் மூடாது.

ஆனால் எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிவிட்டுப் போகக் கூடாது. தேடப்படும் தாயின் நிலை என்ன? பதினேழு வயதில் பிள்ளையைப் பெற்று ஒப்படைத்துவிட்டு, பிறகு கல்யாணமாகி வேறு ஊரில் குடும்பம் நடத்தும் பெண்ணின் வீட்டு வாசலுக்கு ஒரு கடிதம் வந்தால்? கணவருக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. சில வீடுகளில் அந்தக் கடிதம் அவள் குடும்பத்தையே குலைத்துவிடும். சாதி மீறிய உறவில் பிறந்த பிள்ளை என்றால் அவள் உயிருக்கே ஆபத்து. ரகசியம் காப்போம் என்ற வாக்கை நம்பித்தான் அவள் பிள்ளையைக் குப்பைமேட்டில் போடாமல் இல்லத்தில் கொடுத்தாள். பிரான்சில் தாய் தன் பெயரைச் சொல்லாமலே பிரசவிக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படிப் பிறந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், அந்தச் சட்டம் மனித உரிமைக்கு விரோதமில்லை என்றே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1992-ல் சேலத்தில் தொடங்கிய, பெற்றவர் பெயர் கேட்காமல் குழந்தையை ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டமும் இதே தர்க்கத்தில் எழுந்ததுதான். பெயர் கேட்டிருந்தால் அந்தத் தொட்டில் காலியாகவே கிடந்திருக்கும்.

அயர்லாந்து இதற்கு எதிர்ப்பக்கமாய்ச் சாய்ந்தது. 2022-ல் வந்த சட்டப்படி, தத்துப்போனவருக்குத் தம் பிறப்புச் சான்றிதழைப் பெறும் முழு உரிமை உண்டு. தாய் தொடர்பு வேண்டாம் என்று பதிந்திருந்தால், அந்த விருப்பத்தை முதலில் அவருக்கு எடுத்துச் சொல்வார்கள்; சொல்லிவிட்டுச் சான்றிதழைக் கொடுத்துவிடுவார்கள். இந்தியாவின் தத்தெடுப்பு விதிகள் இவ்வளவு தூரம் போகவில்லை. 18 வயது நிறைந்தவர் தம் வேர்களைத் தேடித் தாமே விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றவர் அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவர் சம்மதம் வேண்டும். பிள்ளையின் உரிமை பெற்றவரின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்பது நம் விதி. பெண்ணின் மானத்தை இன்னும் ஊர்தான் தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட சமூகத்தில் இந்த விதியைக் கோழைத்தனம் என்று சொல்வதற்கில்லை. தெரிந்துகொள்ளும் உரிமையைப் பிள்ளைக்குத் தரலாம். உறவு கொண்டாடும் உரிமையை யார் தலையிலும் கட்ட முடியாது.

ஆனால் இந்த நியாயம் பெற்ற தாய்க்கு மட்டுமே பொருந்தும். வளர்த்தவர்கள் இதைக் கடன் வாங்கிக்கொள்ள முடியாது. 'உன்னைப் பெற்றவள் இன்னார்' என்று சொல்லாமல் இருப்பது ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறது. 'நீ எங்களுக்குப் பிறந்தவன்' என்று சொல்வது யாரைக் காப்பாற்றுகிறது?

ஒருகாலத்தில் இந்தப் பொய்க்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. 1956-ன் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது. பௌத்தரும் சமணரும் சீக்கியரும் அதில் அடங்குவர். கிறிஸ்தவர்களுக்குத் தத்துச் சட்டமே இல்லை. 1890-ன் பழைய சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போய்ப் 'பாதுகாவலர்' ஆகலாம். பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். உயில் எழுதாமல் தகப்பன் கண்ணை மூடினால், சித்தப்பா பெரியப்பா மக்கள் பங்கு கேட்டு வந்து நிற்பார்கள். பரலோகத் தகப்பனின் வீட்டில் சுதந்தரவாளி என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்ட பிள்ளைக்குப் பூலோகத் தகப்பனின் வீட்டில் பாத்தியதை இல்லை. சட்டம் தராத உறவை ரகசியம் காப்பாற்றட்டும் என்று சிலர் நினைத்ததில் வியப்பில்லை. கேரள உயர் நீதிமன்றம் 1999-ல் கிறிஸ்தவர் தத்தெடுத்த மகனுக்கும் சொத்தில் பங்குண்டு என்றது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2006 திருத்தம் எல்லா மதத்தவருக்கும் முழுத் தத்துக்கு வழி திறந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2015-ன் புதிய சட்டத்தில் தத்துப்பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம். சொத்துப் பயம் போயிற்று. ரகசியம் மட்டும் போகவில்லை.

காரணம் சாதி. இதை மென்று விழுங்குவதில் பயனில்லை. தமிழ்க் கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது. நான்கைந்து தலைமுறைக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற முப்பாட்டனைப் பெருமையோடு சொல்லும் குடும்பம், அவர் எதை விட்டு வந்தார் என்பதை மறந்துவிட்டு, எந்தச் சாதியிலிருந்து வந்தார் என்பதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குள் தொட்டிலிலிருந்து வந்த பிள்ளைக்குச் சாதி தெரியாது. அது தெரியாத குறையை மறைக்கத்தான் பிறப்பையே மறைக்கிறார்கள். பிள்ளை மனம் புண்படும் என்பது சொல்லப்படும் காரணம். வரன் அமையாது என்பது உள்ளே இருக்கும் காரணம். பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து நம் குடும்ப கௌரவத்துக்கு முட்டுக்கொடுப்பது திருட்டுக்குச் சமம். வளர்த்த கடன் அதை நியாயமாக்காது.

பிள்ளை தாங்காது என்ற பயத்துக்கும் விடை உண்டு. விவரம் தெரியும் முன்பே, கதை கேட்கும் வயதிலேயே சொல்லப்பட்ட பிள்ளைக்கு அது அதிர்ச்சி ஆவதில்லை. தன் பெயரைப் போல, தன் பிறந்தநாளைப் போல அதுவும் தெரிந்த விஷயமாகிவிடுகிறது. நொறுங்கிப்போகிறவர்கள் இருபதிலும் முப்பதிலும் அடுத்தவர் வாயால் கேட்கிறவர்கள். 'யார் பெற்றார்கள்' என்பதைவிட 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்பதே அவர்களுக்குப் பெரிய அடி. நடைமுறைத் தேவையும் ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா, இருதய நோய் உண்டா என்று மருத்துவர் கேட்கும்போது, வளர்த்த அப்பாவின் நோயைச் சொல்லி மருந்து வாங்கும் பிள்ளை பொய்யான நோய் வரலாற்றோடு வாழ்கிறான்.

திருச்சபையும் இதில் வேடிக்கை பார்க்க முடியாது. பல மிஷன் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இன்னும் கையெழுத்துப் பிரதியாகவே அலமாரிகளில் கிடக்கின்றன. குழந்தை வந்த தேதி, கொண்டுவந்தவர் யார், எந்த ஊர், உடம்பில் என்ன அடையாளம் என்று நாலு வரி இருக்கும். ஒரு மனிதருக்குத் தன் தொடக்கத்தைப் பற்றி உலகில் இருக்கும் ஒரே சாட்சி அதுவாக இருக்கலாம். இடமில்லை என்று பழைய காகிதத்தோடு எடைக்குப் போடும் முன், பேராயங்களும் மறைமாவட்டங்களும் அவற்றைப் பிரதி எடுத்துப் பாதுகாக்க வேண்டும். உரியவர் முறைப்படி கேட்டு வந்தால், பெற்றவளின் அந்தரங்கம் கெடாமல் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவையும் சொல்ல வேண்டும். தத்தெடுத்த தம்பதியர் குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரும் நாளிலேயே ஆயர் அவர்களை உட்காரவைத்து, 'பிள்ளையிடம் எப்போது சொல்லப்போகிறீர்கள்?' என்று கேட்டுவிடட்டும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் பூர்வீகம் கேட்பதை நிறுத்தட்டும்.