பழியும் பங்கும்

வடார்க்காட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த நாம், 1976ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியின் பொருட்டு நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தோம். வடசேரியில் நாம் குடியிருந்த வீட்டின் திண்ணையில் மாலைதோறும் முதியவர் இருவர் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பர். வீட்டுக்கு உடையவரை அவ்வூர் வழக்கப்படி ‘பாட்டா’ என்று அழைத்தோம். மற்றவர் அவருடைய பள்ளித் தோழர். அரிசி விலை, ஆற்றுத் தண்ணீர், பேரப்பிள்ளைகளின் படிப்பு என எதைப் பேசினாலும் ஒத்துப்போகிற அவ்விருவரும், 1938ஆம் ஆண்டில் முறிந்துபோன வங்கி ஒன்றைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டால் மட்டும் பகைவராகிவிடுவர். “திவானாக்கும் அதக் கவுத்தது” என்பார் பாட்டா. “கணக்கு நேரா இருந்தா எந்தத் திவான் வந்து கவுக்க முடியும்?” என்பார் தோழர். முறிந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கடந்த பின்னும் அவ்வழக்குத் தீரவில்லை. அன்று அது நமக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையன்று என்பதை உணர நமக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இளைய தலைமுறையினர்க்காக அச்செய்தியைச் சிறிது விரித்துரைப்பது தகும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தன, திருவனந்தபுரமே தலைநகர். திருவிதாங்கூர் நேஷனல் பாங்கு, குயிலான் பாங்கு என்னும் இரண்டும் 1937இல் ஒன்றாக இணைந்து, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாயின. அவற்றை நடத்தியவர்கள் கே.சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி.பி. மாத்தனும். அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசுவாமி ஐயர். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றிப் பொறுப்பாட்சி கேட்டது. திவானை நீக்கவேண்டும் என்று மன்னருக்கு விண்ணப்பமும் செய்தது. வங்கித் தலைவர்கள் அவ்வியக்கத்திற்குத் துணைநிற்பவர்கள் என்று அரசு கருதியது. அந்தச் சூழ்நிலையில் வங்கியைப் பற்றிய ஐயம் ஊரெங்கும் பரவிற்று. பணம் போட்டவர்கள் திரும்பப் பெறக் கூட்டம் கூட்டமாய்ச் சென்றனர். ஜூன் 21ஆம் நாள் வங்கி கதவடைத்தது. செப்டம்பரில் மாம்மன் மாப்பிள்ளையின் ‘மலையாள மனோரமா’ நாளிதழ் பூட்டப்பட்டது; 1947 வரை திருவிதாங்கூரில் அது வெளிவரவில்லை. அக்டோபரில் வங்கித் தலைவர்கள் சென்னையில் கைது செய்யப்பட்டு, திருவிதாங்கூருக்குக் கொண்டுவரப்பட்டு, பொய்க்கணக்குக் காட்டினர் என்ற குற்றச்சாட்டின்பேரில் தண்டிக்கப்பட்டனர்.

வங்கி என்பது நெற்களஞ்சியம் போன்றதன்று. களஞ்சியத்தில் போட்ட நெல் போட்ட இடத்திலேயே கிடக்கும். வங்கியில் போட்ட பணமோ கடனாக வெளியே சென்றுவிடும்; ஒரு பகுதியே பெட்டியில் இருக்கும். ஆதலால் எவ்வளவு ஒழுங்கான வங்கியும், போட்டவர் அனைவரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நிலைகுலையும். வரிசையில் நிற்பவன் ஒவ்வொருவனும் தன் குடும்பத்தைக் காப்பதாகவே எண்ணுகிறான். அது தவறென்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் அவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த காரியம் வங்கியைச் சாய்த்துவிடுகிறது. இத்தகைய நிலையில் ஆட்சியாளரின் ஒரு சொல், ஒரு மௌனம்கூட, பெருஞ்செயலாகிவிடும். ‘அரசு உங்களுக்குப் பின்னால் நிற்கிறது’ என்று திவான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும் என்பது பாட்டாவின் வாதம். அவ்வார்த்தை வரவில்லை. 1935இல் தொடங்கப்பெற்றிருந்த ரிசர்வ் வங்கியிடமிருந்தும் வேண்டிய அளவு உதவி கிடைக்கவில்லை. வங்கிகளின் ஏடுகளைத் தானே புகுந்து பார்க்கும் அதிகாரம் சட்டப்படி அன்று அதற்குக் கிடையாது.

தோழரின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதன்று. திரும்பி வருதற்கரிய கடன்களைக் கொடுத்துவிட்டு, அவற்றை நல்ல கடன்களாக ஏட்டில் காட்டினால், வதந்தி வராவிட்டாலும் ஒருநாள் உண்மை வந்தே தீரும். திவான் தம்மை ஒடுக்கினார் என்பது மெய்யாக இருக்கலாம். ஒடுக்கப்பட்டவன் என்பதனால் ஒருவனுடைய கணக்கு நேராகிவிடாது. அதேபோல, கணக்குக் கோணலாயிருந்தது என்பதனால், அதைச் சாக்காக வைத்து எதிர்ப்பவரைச் சிறையிலிட்டதும் பத்திரிகையைப் பூட்டியதும் அறமாகிவிடா. தோழர் சில வேளைகளில், “கன்னியாகுமரி வரைக்கும் சிமெண்டு ரோடு போட்டது யாராம்? 1936இல் கோயிலத் தொறந்துவிட்டது யாராம்?” என்று திவானுக்குப் பரிந்து பேசுவார். நல்ல சாலை போட்டவர் நல்ல நீதியும் செய்திருப்பார் என்ற கணக்கு நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இருவர் பேச்சையும் கேட்டு வளர்ந்த பாட்டாவின் மருமகள், “ரண்டு பேருக்கும் பாதி நேரு, பாதி பொய்யி” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். நாமும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அநேகாந்தம் என்ற சொல்லைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்த நமக்கு அது எளிய புகலிடமாக இருந்தது. பொருளுக்குப் பக்கங்கள் பல என்பது உண்மை. பக்கங்கள் பல என்பதனால் பழி எவர்மேலும் இல்லை என்று முடிப்பது சோம்பலே. பழியைப் பங்கிடுவது என்றால் ஆளுக்குச் சமபங்கு என்று பொருளன்று. எவன் அறிந்திருந்தான், எவனால் தடுக்க முடிந்திருக்கும், எவன் அதனால் பயனடைந்தான் என்று கேட்டுக் கேட்டுத்தான் பங்கு பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்தால் வரிசையில் நின்ற விவசாயிக்கு மிகச் சிறிய பங்கே வரும். ஏட்டைத் தம் கையில் வைத்திருந்தவர்களுக்கும், அரசை நடத்தியவருக்கும் பெரும்பங்கு போகும். அவர்கள் ஒருவர் பங்கை மற்றவர்மேல் தள்ளிவிட்டுத் தம் பங்கை இல்லையாக்கிக்கொள்ள முடியாது.

பழி சரியாகப் பிரிக்கப்பட்ட இடங்களில் நன்மையும் விளைந்திருக்கிறது. 1949இல் வங்கிகளுக்கென்று தனிச் சட்டம் பிறந்தது; ஏடுகளைச் சோதிக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்குக் கிடைத்தது. 1960 ஆகஸ்டில் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டபோது, 1951 முதலே அதன் நலிவை ரிசர்வ் வங்கி அறிந்திருந்தும் ஏன் காலந்தாழ்த்தியது என்று பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயும் அவ்வினாவுக்குத் தப்பவில்லை. அதன் பயனாகவே 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்புறுதி வந்தது. அன்று ரூ.1,500 வரைதான் பாதுகாப்பு; 2020 முதல் அது ரூ.5 லட்சம். ஏழையின் சேமிப்பைக் காத்தவை திண்ணைச் சண்டைகள் அல்ல, இத்தகைய குறிப்பான கேள்விகளே.

குமரி முனையிலிருந்து கடல் கடந்தால் இலங்கை. அங்கு 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென அரசு அறிவித்தது. எரிவாயு உருளைக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். சிலர் அவ்வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றனர். 2023 நவம்பர் 14இல், ஐந்து நீதிபதிகளில் நால்வர், கோத்தபய, மகிந்த, பசில் ஆகிய ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் முதலிய அதிகாரிகளும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினர் என்று தீர்ப்பளித்தனர். இழப்பீடு எதுவும் விதிக்கப்படவில்லை; மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு மட்டும் தலா ரூ.1,50,000. இதைப் படித்த நண்பர் ஒருவர், “அவர்களுக்கு வாக்களித்தது மக்கள்தானே? 2019இல் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்தபோது மகிழ்ந்ததும் மக்கள்தானே?” என்றார். மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் கருவூலத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற தாள் அவர்கள் மேசையில் இருக்கவில்லை. அறிந்தவன் பங்கும் அறியாதவன் பங்கும் வேறு வேறு என்று அந்நீதிமன்றம் சொன்னதாகவே நாம் எடுத்துக்கொண்டோம். ஒரு காசும் கைமாறாவிட்டாலும் அது சிறிய காரியமன்று.

அத்தீர்ப்பை நாளிதழில் படித்த அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

1994இல் நாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கற்பித்துக்கொண்டிருந்தோம். தமிழகமெங்கும் நிதி நிறுவனங்கள் முளைத்த காலம் அது. ஒரு நிறுவனம் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி தந்தது. வங்கிகள் அதில் பாதியே தந்தன. திறப்பு விழாவில் பெரிய மனிதர் ஒருவர் குத்துவிளக்கு ஏற்றிய படத்தை வாசலில் மாட்டியிருந்தார்கள். நாம் ரூ.50,000 போட்டோம். விடுதியில் பெருக்கித் துடைக்கும் ஆயா ஒருத்தி, மகள் திருமணத்துக்காகச் சேர்த்த ரூ.12,000த்தை அஞ்சலகத்தில் வைத்திருந்தாள். “டீச்சர், அங்க போடலாமா?” என்று கேட்டாள். “நாமும் போட்டிருக்கிறோம், பயமில்லை” என்றோம். ஒருவரை அழைத்துவந்ததற்காக முகவர் நமக்கு ஓர் எவர்சில்வர் குடம் தந்தார். 1997இல் நிறுவனம் பூட்டப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தின் முன் நாம் எல்லாரும் நின்று, அரசே பணத்தைத் திருப்பித் தா என்று முழக்கமிட்டோம். ஆயா நமக்குப் பக்கத்தில் நின்று, நம்மைப் பார்த்துப் பார்த்து அதையே முழங்கினாள்.

நம் கோரிக்கை முழுதும் பொய்யன்று. கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கவில்லை. முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டமே அந்த 1997இல்தான் வந்தது. ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் நமக்கும் ஆயாவுக்கும் இடையே வைத்துப் பார்த்தால்? இரு மடங்கு வட்டி எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் நாம். அவளுக்குக் கையெழுத்து மட்டுமே தெரியும். ‘வேண்டாம், அஞ்சலகத்திலேயே இருக்கட்டும்’ என்று சொல்ல நம்மால் முடிந்திருக்கும். குடம் நம் வீட்டில் இருக்கிறது. அரசைப் பழித்த இருபத்தாறு ஆண்டுகளில் ஒருநாளும் இந்தக் கணக்கை நாம் போடவில்லை. உரக்கப் பழிப்பதற்கு ஒருவர் கிடைத்துவிட்டதனால் போடவேண்டிய தேவை எழவில்லை. பாட்டாவும் தோழரும் அவ்வளவு உரத்துப் பேசியதன் காரணம் அப்போது நமக்கு ஓரளவு விளங்கிற்று. அவர்கள் யாருக்கேனும் யோசனை சொல்லியிருந்தார்களோ என்னவோ, இருவருமே மறைந்துவிட்டனர்.

நீதிமன்றத்தின் வழியே ஆயாவுக்கு வந்தது முதலில் ஒரு சிறு பகுதிதான். அவளும் 2011இல் காலமானாள். 2024 பொங்கலுக்குப் பின், சுசீந்திரத்தை அடுத்த சிற்றூரில் இருக்கும் அவள் மகளைத் தேடிச் சென்றோம். வராமற்போன தொகையையும், அஞ்சலகத்திலேயே இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய வட்டியையும் கூட்டி ஓர் உறையில் வைத்துக் கொண்டுபோயிருந்தோம். எதற்கு என்று சொன்னோம். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

“அம்மை ஒங்களப் பத்தி ஒரு வாக்குச் சொன்னதில்ல டீச்சர். கவர்மெண்டு திண்ணுட்டுன்னுதான் சாவுற வரைக்கும் சொல்லீட்டிருந்தா” என்றாள்.

உறையை வாங்கிக்கொண்டாள். குடத்தைப் பற்றியும் சொன்னோம். அதற்கு மறுமொழி எதுவும் கூறாமல் சாயா போட உள்ளே எழுந்து சென்றாள்.